அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்

எங்கள் அக்கா கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில், மண்டோர் எனப்படும் கங்காணியின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால் எனக்குச் சோறூட்டி வளர்த்தவர் அவர்தான். அவருடைய நல்ல குணங்களை, அவர் மறைந்த இந்த ஓராண்டில் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் அவருடைய வாழ்க்கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குத் திருமணம் நிச்சயமான சில மாதங்களில், செம்பனை எண்ணெய் ஆலை இயந்திரத்தில் சிக்கி அத்தானின் வலது கை போனது. "அந்த ஆளு முடிஞ்சு போயிட்டான்லா. இனி யாரு வேலை கொடுப்பா?" என்று அப்பா சம்பந்தத்தை முறித்தார். அக்கா மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆளு அப்படியேதான்பா இருக்காரு. நான் கட்டிக்கிறேன்."

லயமே அக்காவைப் பாவம் என்றது. கோலா குபு பாருவில் அரசாங்க உத்தியோகக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட என்னை அதிர்ஷ்டக்காரி என்றார்கள். என் கணவர் நல்லவர்தான். ஆனால் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கமாட்டார்; பேச்சும் குறைவு.

தோட்டம் மூடியதும் அக்காவும் அத்தானும் புக்கிட் செந்தோசாவில் தோசைக் கடை போட்டார்கள். கடை ஒருமுறை நொடித்து, மறுபடி எழுந்தது. பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அக்கா தேங்காயைப் பிடித்துக்கொள்ள, அத்தான் இடக்கையால் கத்தியை ஓங்குவார். அக்கா கண் இமைக்காமல் கதை பேசிக்கொண்டிருப்பார். அவர் சடை பின்னும்போது ஒரு பிரி முடியை அத்தான் பிடித்திருப்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் என் கணவரிடம் பேசமாட்டேன்.

கடைசி நாள்களில் மருத்துவமனையில் அக்காவுக்கு அத்தான் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் அக்கா மெல்லக் கேட்டார்.

"என்னடி, இப்பவும் பொறாமையா?"

"ஆமாக்கா."

"எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம்னாங்க. நீ ஒருத்திதான் வயிறு எரிஞ்சே. எனக்கு அதுல எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

அந்த வாரமே கண்மூடினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், கடையை மூடவிடாமல் நடத்திய அண்டைவீட்டாருக்கும், மாதந்தவறாமல் அரிசி இறக்கிப்போன செகிஞ்சான் ஊர்ச் சீன நண்பருக்கும், அப்பாவின் கோபத்தை மீறி அன்று திருமணத்துக்கு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தானுக்கும் நன்றி சொல்லப் போனேன். "எனக்கு எதுக்கும்மா நன்றி? நீ வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் உங்க அக்கா பொழுதுக்கும் பாடிக்கிட்டே இருப்பா," என்றார்.

எங்கள் அக்கா பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை.