கூண்டு கடலில், குழப்பம் வேங்கிக்காலில்

“கூண்டுல வளர்த்த மீனை கடல் மீன்னு சொல்லி என் தலையில கட்டிட்டீங்களேக்கா, இது உங்களுக்கே நல்லாருக்கா?”

எதிர் வீட்டு சுமதி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது இது. கடலே இல்லாத ஊரில் கடல் மீன் விற்கிறவளுக்கு மீனைவிட விளக்கம்தான் ஜாஸ்தி போகும். வீட்டிலிருந்தே ஊறுகாயோ நைட்டியோ விற்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

என் தங்கச்சி விமலாவும் அவள் வீட்டுக்காரரும் கரையிலிருந்து தள்ளி, ஆழமான கடலில் மிதவைக் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்க்கிறார்கள். ஞாயிறு காலை பஸ்ஸில் ஒரு ஐஸ் பெட்டி வரும். எங்கள் வேங்கிக்கால் தெரு வாட்ஸ்அப் குழுவில் சொல்லி விற்பது என் வேலை.

எந்த ஜாதி மீன்?

சுமதிக்குப் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். “கூண்டு கடல்ல இருக்கு. மீன் கூண்டுல இருக்கு. அப்ப மீன் எங்கே இருக்கு?” என்றேன். “தீவனம் யார் போடறாங்க?” என்றாள். “விமலா.” “அப்ப வளர்ப்பு மீன்தானே?” எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குளத்து மீன் இல்லை, வலை வீசிப் பிடித்ததும் இல்லை. சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தும் இதற்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சுமதிக்கு வந்தது.

“கோழிக்கும் கூண்டு, மீனுக்கும் கூண்டுன்னா அப்புறம் எதுக்குக்கா கடலு?”

பௌர்ணமிப் பெட்டி

ஒரு மாதம் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. காலண்டரைப் பார்க்காமல் வழக்கம்போல அனுப்பச் சொன்னது நான்தான். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியும் இந்தப் புத்தி. அன்றைக்குக் கிரிவலம், தெருவில் ஒரு வீட்டிலும் மீன் வாங்க மாட்டார்கள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மலை சுற்ற வந்த ஜனத்துக்கு நடுவில் நானும், தண்ணீர் சொட்டுகிற ஐஸ் பெட்டியும். ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை அணைத்துவிட்டார்.

“மலை மன்னிச்சிடும்மா, நடந்து போறவங்க மன்னிக்க மாட்டாங்க.”

விமலாவின் போன்

அந்த வாரமே விமலா அழுதுகொண்டு கூப்பிட்டாள். வேறு யாரோ முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஆழமே இல்லாத இடத்தில் கூண்டுகளை நெருக்கி அடைத்ததில் மீனெல்லாம் செத்துக் கரை ஒதுங்கியிருக்கிறது. இப்போது அந்தக் கடற்கரை ஊர் மொத்தமும் “எல்லா கூண்டையும் எடு” என்கிறது. இவள் கூண்டையும் சேர்த்துத்தான். அரசாங்கம் கடல் மீன் வளர்ப்புக்கு விதிகள் எழுதி, மக்கள் கருத்தைக் கேட்டிருக்கிறது. சாப்பிடுகிறவர்களும் எழுத வேண்டும், கடிதம் தயார் செய் என்றாள்.

அந்த விதிகளின் வரைவை இங்கிலீஷிலேயே படித்தேன். ஆழம், நீரோட்டம், கூண்டுக்கு எத்தனை மீன், அடிமண் சோதனை, படகு போகிற வழி என்று ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சேர்த்துப் படித்தால் ஒன்றும் புரியவில்லை. “எவ்வளவு தூரத்துல போட்டா சரி? ஒரே நம்பரா சொல்லித் தொலை” என்றேன். “இடத்துக்கு இடம் மாறும்க்கா” என்றாள். அப்படியென்றால் நான் என்னத்தை எழுத? மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

“மூடுங்கன்னும் எழுதாதே, இஷ்டத்துக்கு விடுங்கன்னும் எழுதாதே. அளந்து பார்த்து விடுங்க, விட்டப்புறமும் அளங்கன்னு எழுதுக்கா.”

கீழ்பென்னாத்தூர் கேள்வி

எழுதினேன். கையெழுத்து வாங்கப் போனால், “கடலுக்கும் நமக்கும் என்னங்க?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் வாயில் அப்போது என் கொடுவா வறுவல். இன்னொருத்தி, கையெழுத்துப் போட்டால் ரேஷன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா என்றாள்.

முழுக்கப் படித்தவர் ஒரே ஒருத்தர். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை போடும் தணிகாசலம் ஐயா, என் வாடிக்கையாளர். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, இரண்டு தடவை படித்தார். அவருக்குத் தெரிந்த விஷயம் அதில் இல்லை. பூச்சி மருந்து அடித்த காயை உடனே பறிக்கக் கூடாது என்கிறவர் அவர். மீனுக்கும் மருந்து கொடுப்பார்களே என்று எனக்குத் தோன்றவே இல்லை. விமலாவைக் கேட்டால், “அய்யோ, அதுதான்க்கா முக்கியம்!” என்கிறாள். முக்கியமானதை முதலிலேயே சொல்லாத குடும்பம் எங்களுடையது.

“மீனுக்கு மருந்து குடுத்தா எத்தினி நாள் கழிச்சிப் புடிக்கணும்னு இதுல எங்கம்மா இருக்கு? அத சேத்து எழுதினு வா, போட்டுத் தரேன்.”

சேர்த்து எழுதிக்கொண்டு போனேன், போட்டுத் தந்தார். அவர், நான், என் வீட்டுக்காரர் என்று மூன்று கையெழுத்து ஆயிற்று. நாளையோடு கடிதம் அனுப்பும் கெடு முடிகிறது. முள்ளை எப்படி எடுப்பது என்பதுவரை மீனைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருக்கிறது, கருத்து கேட்கிற அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது.

காலையில் கடிதத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முப்பத்தெட்டு பேர் பார்த்துவிட்டார்கள். மறுபடியும் போட்டேன்:

“கடிதத்தைப் படிங்க. தப்பு இருந்தா எங்கேன்னு சொல்லுங்க, திருத்தறேன். சரின்னா கையெழுத்துப் போட வீட்டுக்கு வாங்க. யாராவது ஒருத்தராவது வாங்களேன்.”