இரண்டு கையும் மேலே

பக்தவத்சலம் எவர்சில்வர் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சை இறுக்கியதும் இரண்டு கைகளும் சேர்ந்தாற்போல் மார்புக்கு மேலே எழும்பின.

"பெட்டி கட்டுறாரா, சாமி கும்பிடுறாரான்னே தெரியல சிஸ்டரம்மா" என்றாள் அவர் மனைவி அமலா.

அது கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வந்த பழக்கம். தகட்டை வைத்ததும் இரண்டு கையையும் மேலே எடுத்துவிட்டுத்தான் காலால் பெடலை மிதிக்க வேண்டும். ஒரு கையை மட்டும் எடுத்தவர்களுக்குக் கம்பெனி மருந்தகத்தில் கட்டுப் போட்டவள் நான். விரலைத் தனியாகப் பையில் போட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவர் திரும்பவில்லை.

அது 2007. புனே பக்கம் ஆகுர்டியில் ஸ்கூட்டர் பாகங்கள் செய்த எங்கள் கம்பெனி, வரிச்சலுகைக்காக உத்தராகண்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. உடல்தகுதி இருந்தால் அங்கே வேலை. இல்லாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் சந்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கேட் வாசலில் வடாபாவ் வண்டி போட்டிருந்தவன்கூட சாக்கன் பக்கம் போய்விட்டான். பக்தவத்சலத்துக்கு நாற்பத்தாறு வயது. பிரஸ் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. போவது உறுதி என்று நினைத்து மகள் பார்கவியின் டி.சி.யைப் பள்ளியிலிருந்து வாங்கியே விட்டார்.

அவர் எதிரே போய் நின்றேன். உதட்டைப் பார்த்தால்தான் அவருக்கு விளங்கும். "நாளைக்குக் காது டெஸ்ட் இருக்கு, தம்பி."

"நானும் காதரும் ஏற்பாடு பண்ணிட்டோம் சிஸ்டர். ஃபிகர் மத் கரோ."

கவலைப்படாதே என்று அவர் சொன்னால் நான் கவலைப்படுவதுதான் வழக்கம்.

ஏற்பாடு இன்னதென்று மறுநாள் மருந்தகத்தில் தெரிந்தது. வெளியிலிருந்து வந்த டாக்டர் ஒரு மராட்டிக்காரப் பையன். பக்தவத்சலத்தின் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மெஷினுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். எந்தக் காதில் சத்தம் கேட்கிறதோ அந்தக் கையைத் தூக்க வேண்டும். சத்தம் போகும்போது மெஷினின் உச்சியில் அந்தப் பக்கத்து விளக்கு எரியும். எதிர் ஜன்னலுக்கு வெளியே அப்துல் காதர் நின்றிருந்தார். ஒரே பிரஸ்ஸில் இவரோடு வேலை செய்தவர். விளக்கைப் பார்த்து அவர் ஒரு கையை அசைத்தார். இவர் அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கினார்.

டாக்டர் தலை நிமிர்ந்தால் தீர்ந்தது. அவர் நிமிரவில்லை. வலது, இடது, இடது. நான் பஞ்சைக் கத்தரிப்பதுபோல் நின்றிருந்தேன். பிறகு டாக்டர் வேகத்தைக் கூட்டினார். காதரின் கை வெடுக்கென்று எழுந்தது. இவருடைய இரண்டு கைகளும் மேலே பறந்தன.

டாக்டர் மெஷினை நிறுத்தினார். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, பின்னால் நின்றபடியே, "காகா, கரீ கோண் கோண் ஆஹே?" என்றார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சாதாரணமான கேள்விதான்.

காதருக்குக் காட்ட விளக்கு இல்லை. பக்தவத்சலம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இன்னும் கீழே இறங்கவில்லை.

தகுதியில்லை என்று எழுதினார் டாக்டர். கோபமில்லாமல்தான் எழுதினார், அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆள் காதர். அவர் காதும் அதே பிரஸ்ஸில் போன காதுதான். நடையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"அவசரப்பட்டுட்டேன் பக்தா. என்னாலதான்" என்றார் காதர். உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

பக்தவத்சலம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வாசல் வரை போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தார்.

"உள்ள போய்யா. ஜன்னல்ல நான் நிக்கிறேன். என்னை மாதிரி நீயும் ரெண்டு கையால கும்பிடு போட்டுடாத."

காதர் உட்கார்ந்ததும், வெயில் கண்ணில் அடிக்கிறது, திரையை இழுங்கள் என்றார் டாக்டர். ஜன்னல் மூலையில் பக்தவத்சலத்தின் தோள் தெரிந்தது.

"திரை கம்பியில மாட்டிக்கிச்சு டாக்டர்" என்றேன். பழைய திரை, மாட்டத்தான் செய்யும். பிரஸ் ஷாப்பில் காது கேட்கிற ஆளை நான் பார்த்ததுமில்லை.

காதர் ஒவ்வொரு முறையும் ஒரு கையைத்தான் தூக்கினார். தேறிவிட்டார்.

மறுநாள் காலை பக்தவத்சலம் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, பார்கவியின் சீருடையைத் தேடி எடுத்தார். டி.சி.யைத் திருப்பிக் கொடுக்க அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். எல்லாரும் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் கொண்டுவருகிறீர்களே என்றாராம் தலைமை ஆசிரியை. பார்கவி அப்பாவின் முகத்துக்கு நேரே திரும்பி அதைத் தமிழில் சொன்னாள். அவளுடைய பெஞ்சில் அவள் மட்டும்தான்.

அங்கிருந்து அவர் சிஞ்ச்வட் பட்டறைகள் பக்கம் வேலை கேட்கப் போனார். முதல் பட்டறை வாசலிலேயே, "எனக்குக் காது கேக்காது, எதிர்ல வந்து பேசுங்க" என்று இந்தியில் சத்தமாகச் சொன்னார்.