ஆறு பீஸிலும் ஒரே அழுக்கு

நேற்று தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கறுப்பு பனியன் போட்டிருந்தார். நெஞ்சில் ஒற்றை நட்சத்திரம். அட, நம்ம டிசைன்! அதன் பக்கத்தில் ஒரு வால்வெள்ளி இருந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், இளநீரை விட்டுவிட்டு என் தலையைப் பார்த்திருப்பார்.

இரண்டு வருடம் முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சைஸ் பட்டியல் தட்டிக்கொண்டிருந்தேன். டிசைன் ரூம் நாற்காலி மேல் எனக்கு ஒரு கண். அங்கே ஏசி உண்டு. எழுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் வால்வெள்ளி மேஷ ராசியின் பெரிய நட்சத்திரத்தை ஒட்டிப் போகிறது என்றார்கள். எங்கள் மேனேஜருக்கும் மேஷ ராசிதான். சாயங்காலம் இரவல் பைனாகுலரோடு கம்பெனி மொட்டைமாடியில் ஏறினேன். அத்தனை தூரம் வந்த மகராசனுக்கு வால்கூட இல்லை. மங்கலாக ஒரு திட்டு, அவ்வளவுதான். ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கண்டதை அப்படியே டிசைனாக்கி, ஆறு சாம்பிள் பீஸில் அச்சடிக்க வைத்தேன். ஆர்டர் தரும் பார்ட்டிக்கு இது பிடித்துப்போனால் நாற்காலி எனக்கு. அவசரத்தில் அச்சு முழுசாகக் காயும் முன்பே பீஸ்கள் செக்கிங்குக்குப் போய்விட்டன. அங்கே இசக்கியம்மாள் அக்கா, சங்கரன்கோவில்காரர். கையில் எப்போதும் மருந்து பீய்ச்சிக் கறை எடுக்கும் துப்பாக்கி. அந்த மருந்து நெடியிலேயே அவர் வருவது தெரியும்.

"நல்லவேள நா பாத்தேன் தம்பி. ஆறு பீஸ்லயும் நட்சத்திரத்துப் பக்கத்துல ஒரே மாரி அழுக்கு. சுத்தமா எடுத்துட்டேம்லா."

"ஐயோ அக்கா, அது வால்நட்சத்திரமுங்க!"

"வால எங்கப்பா?"

சாம்பிளைப் பார்ட்டிக்குக் கொண்டுபோகும் கொரியர் வண்டி வாசலில் நின்றது; மறுபடி அச்சடிக்க நேரமில்லை. "கண்ணு தெரியாட்டி வேற வேல பாருங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். செக்கிங்கில் இருப்பவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அக்கா அடுத்த பீஸை எடுத்து விரித்தார். மறுநாள் டீ நேரத்தில் வந்து, "தம்பி, நெசமானத எனக்கு ஒருவாட்டி காட்டுதியா?" என்றார்.

"அதையும் தொடச்சுப் போடுவீங்க" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் ஓடிவந்தார். "ஏனுங்க, அந்த ஒத்த நட்சத்திரம் பார்ட்டிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க! வேற ஒண்ணுமில்லாம பளிச்சுனு இருக்குதாமா."

நாற்காலி கிடைத்தது. அக்கா துடைத்ததால் கிடைத்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. அன்று சாயங்காலமே அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். மேற்கே எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அக்கா பைனாகுலரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தா இருக்குப்பா. நல்லாத் தெரியுது" என்றார். அப்பாடா என்றிருந்தது.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. செல் நம்பரும் மாறிவிட்டது. நாங்கள் மாடியேறுவதற்கு நாலு நாள் முன்பே வால்வெள்ளி அடிவானத்தில் இறங்கி மறைந்துவிட்டது என்பதை அதற்கப்புறம்தான் எங்கோ படித்தேன். பார்க்காத பீஸை ஒருநாளும் பாஸ் பண்ணாத மனுஷி, எனக்காக ஒன்றைப் பண்ணியிருக்கிறார்.