ஆய்விலிருந்து நீக்கிய குடும்பம்

கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றியதும் பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "மூச்ச விடுங்க" என்று பேராசிரியை சொன்ன பிறகுதான் விட்டார். வலங்கைமான் பக்கத்து மிராசுதார். மனைவியும் இரண்டு மகன்களும் கூடவே வந்திருந்தார்கள். நால்வரிடமும் ரத்தம் எடுத்தோம்.

நான் பேராசிரியையின் ஆய்வு உதவியாளன். ரத்த அழுத்தம் எந்த மரபணுவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் அவருடைய தேடல். உடன்பிறந்தவர்களை இரண்டிரண்டு பேராக எடுத்துக்கொள்வார். பெற்றோரிடமிருந்து ஒரே ரத்த அடையாளத்தைப் பெற்ற இருவரின் அழுத்தம், மற்ற ஜோடிகளைவிட நெருங்கி இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பல குடும்பங்கள் வேண்டியிருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் நிலத்தைப் பிள்ளைகள் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டு இளைய மகனோ, கூலி உயர்வு கேட்டவர்களோடு செங்கொடி பிடித்து நின்றார். மூத்த மகனுக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, அவன் எங்கப்பாவுக்குப் பொறந்தவனே இல்லைங்க. உங்க ரத்தக் கணக்குல தெரிஞ்சிருக்குமே. எழுதிக் குடுங்க. ஒரு குழி நிலம்கூட அவனுக்குப் போகாம பாத்துக்கறேன்."

"எங்க கணக்கு ஒரு வீட்டப் பத்தி எதுவும் சொல்லாதுங்க" என்றார் பேராசிரியை.

கணக்கு சொல்லாது, உண்மைதான். ஆனால் ரத்த வகை சொல்லியிருந்தது. பெற்றோர் இருவருக்கும் ஓ, இளையவருக்கும் ஓ. கேட்டு வந்த மூத்தவருக்குத்தான் ஏ. ஓ வகைப் பெற்றோர் இருவருக்கு ஏ வகைப் பிள்ளை பிறக்காது. மறுபடி சோதித்தும் அதேதான். எடுத்து வளர்த்தார்களோ, வேறென்னவோ.

"மூத்தவரத்தானே மேடம் காப்பாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"யாரக் காப்பாத்துனேன்னு எனக்கே புரியலப்பா" என்றவர், அந்தக் குடும்பத்தை ஆய்விலிருந்தே நீக்கிவிட்டார்.

பெரியவர் இரண்டு மகன்களுக்கும் நிலத்தைச் சமமாக எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அவருக்குத் தெரிந்திருந்ததா? அண்ணன் தம்பி பேச்சு நின்றது நின்றதுதான்.

போன வருடம் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மூத்தவரைப் பார்த்தேன். தளர்ந்திருந்தார். பேராசிரியையும் இளையவரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"தம்பி சாவுக்குக்கூட நான் போகல சார். இப்ப எச்சில அனுப்புனாலே ஒரே ரத்தமா இல்லியான்னு சொல்லிடறாங்களாம். அவன் மகனும் சரின்னுட்டான். அனுப்பிப் பாத்துடவா?"

"வேண்டாங்க" என்றேன், பதறிப்போய்.

அவர் என்னையே பார்த்தார். மெல்ல முகம் மலர்ந்தது. "அப்ப நான் சொன்னது சரிதான்!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். அதற்குள் அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பல நாள் பாரம் இறங்கியவர்போல வலங்கைமான் பேருந்தில் ஏறினார்.