முகட்டில் கட்ட வேண்டிய கயிறு

மாமாவுக்கு முடிச்சுப் போடத் தெரியும். போட்டதை வாயால் சொல்லத் தெரியாது. அந்தக் குறையை நான் கண்டுபிடித்தது புயலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிறர் குறைகளைக் கண்டுபிடிப்பதில் ஆர்வமும், அவற்றைத் திருத்துவதில் அதைவிட அதிக ஆர்வமும் கொண்டிருந்த வயது.

மாமா என் அம்மாவின் தம்பி. கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் வலையும் படகுமாக வாழ்ந்தவர். கடல் ஏமாற்றிய ஒரு வருஷத்தில், பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை இருக்கிறதென்று அப்பா சொல்லியனுப்ப, பெங்களூருக்கு வந்து ஸ்ரீராம்புரத்தில் எங்களோடு தங்கினார். வந்த சில வாரங்களிலேயே ஓர் இரும்புத் தகடு அவர் காலில் விழுந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. வீட்டுக்குப் பின்னால் குளியலறைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே மிஞ்சியிருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, கட்டுப்போட்ட காலை ஒரு கவிழ்த்த வாளியின் மேல் வைத்துக்கொண்டு அவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஊரில் அத்தை நிறைமாதமாக இருந்தாள். அவர்களுக்கு என்னைவிட ஒரு வயது மூத்த பெண் ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டில் ஓடியாடி வேலை செய்யக்கூடியவள் அப்போது அவள் ஒருத்திதான்.

புயல் மறுநாள் இரவு கரையைக் கடக்கும் என்று வானொலி சொன்னது. அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறதென்று அம்மா ஒவ்வொரு செய்தியிலும் காது வைத்துக் கேட்டு வந்து சொல்வாள். மாமா அந்தக் கிலோமீட்டர்களைப் பொருட்படுத்தவில்லை. காலையில் அப்பா அவரை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய் எஸ்.டி.டி. பூத்தில் இறக்கியபோது, ஊரில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே இருந்த கடைக்குப் போன் போட்டு, அத்தையை வரவழைத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். வடக்கிலிருந்து என்று அத்தை சொன்னாள். அப்படியானால் புயல் நேர் கிழக்கே நிற்கிறது, நம் மேல்தான் வரும் என்று அவர் அப்பாவிடம் சொன்னாராம்.

அங்கே என்ன நடக்கிறதென்று அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். குப்பத்து ஆண்கள் எல்லோரும் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படகுக்கு இருபது பேர் வேண்டும். எல்லாப் படகும் ஏறும்வரை யாருடைய கூரைக்கும் யாரும் வரமாட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் பெண்களும் குழந்தைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று தண்டோரா போட்டாயிற்று. போவதற்குள் கூரையைக் கட்டியாக வேண்டும். மாமாவின் வீடு கீற்றுக் கூரை. பழைய வலையை அதன் மேல் போர்த்தி, ஓரங்களை மணல் மூட்டைகளில் கட்டுவது கீழே நின்றபடியே ஆகிற வேலை. அதை அத்தையும் மகளும் முடித்துவிட்டார்கள். ஆனால் வலையின் நடுக்கயிற்றை முகட்டு மூங்கிலில் கட்டாவிட்டால் காற்று அடியில் புகுந்து வலையோடு கூரையைத் தூக்கிவிடும். அதைக் கட்டுவதற்கு ஒருவர் மேலே ஏற வேண்டும். நிறைமாதக்காரி ஏற முடியாது. மகள் தான் ஏறுவதாகச் சொல்லியிருந்தாள். முடிச்சு மட்டும் அவளுக்குத் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு அதே கடையில் வந்து நிற்கும்படியும், அப்போது சொல்லித் தருவதாகவும் மாமா சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வந்து உட்கார்ந்தவர் அம்மாவின் துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்துத் தரச் சொன்னார். தன் மாவுக்கட்டின் மேலேயே அந்த முடிச்சைப் போட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் குளியலறையின் கூரை தகரம். அது பறந்துவிடாமலிருக்க அப்பா குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டுக் கல் ஏற்றி வைத்திருந்தார். துவைக்கிற கல்லில் கால் வைத்து ஏறினால் என் உயரத்துக்கே எட்டிவிடும். கயிற்றோடு ஏறி அந்த மூங்கிலில் அவர் சொல்கிறபடி கட்ட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பச் சொல்லி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஒரு வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு அதைப் பார்க்கக்கூட விரும்பாதவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அப்பிடிக்கா எடுத்து இப்பிடிக்கா வுடு, பாப்பா. வுட்டுட்டு அடியில வாங்கு. வாங்கி அத்த இதும்மேல போடு."

எதை எடுத்து, எந்தப் பக்கம், எதன் மேல் என்று நான் கேட்டேன். அவர் கைகளைக் காற்றில் ஆட்டினார். முதுகுக்குப் பின்னால் நின்ற எனக்கு அதில் பாதிதான் தெரிந்தது. என் முதல் முடிச்சு, இழுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல் கழன்று கையோடு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏன்ப்பா, சின்னப் பொண்ண மேல ஏத்திட்டு நீ கீழ ஆராமா குந்திக்கினு இருக்கியா?" என்று கேட்டாள். மாமா சிரித்தார். கடைக்குப் போய்த் திரும்பிய அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், சமுத்திரம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துடுச்சா?" என்றார். அதற்கும் மாமா சிரித்தார். ஆனால் நாற்காலியைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கடைசியில் பெயர் வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வலையில் கட்டியிருக்கும் முனை தலை. கையில் இருக்கும் முனை வால். கயிறு தன்னைத்தானே தாண்டிப் போகிற இடம் முதுகு. கயிற்றின் மறுமுனையை மாமாவிடம் போட்டு, அவரைத் தன் மாவுக்கட்டில் மெதுவாகக் கட்டிக் காட்டச் சொல்லி, மேலிருந்து எட்டிப் பார்த்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வாக்கியம் செய்தேன். வாலை மூங்கிலுக்கு மேலே கொண்டு போ. அடியில் சுற்றி உன் பக்கம் வாங்கு. தலையைத் தாண்டிப் போகவிடு, அதுதான் முதுகு. இன்னொரு முறை மூங்கிலைச் சுற்று. இப்போது வாலை முதுகுக்கு அடியில் நுழை. இரண்டையும் இழு.

மாமா பள்ளிப் பிள்ளை போல அதைத் திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் தவறினார், திருத்தினேன். பிறகு முதுகைக் காட்டியபடியே தவறில்லாமல் சொன்னார், நான் அவர் சொல்லச் சொல்லக் கட்டினேன். இழுத்தேன். முடிச்சு மூங்கிலைக் கவ்விக்கொண்டது. கயிற்றில் என் முழு பலத்தையும் கொடுத்துப் பார்த்தும் நகரவில்லை. கட்டிவிட்டேன் என்று கத்தினேன். இன்னொரு முறை என்றார். அவர் குரலில் அன்று முதன்முறையாக ஓர் உற்சாகம் இருந்தது.

அதற்குள் தூறல் தொடங்கியிருந்தது. கடலில் புயல் என்றால் பெங்களூரில் வானம் மூடிக்கொண்டு சிணுங்கும். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைக்கும் பங்கு. இரண்டாவது முடிச்சுக்காக மறுபக்கம் நகர்ந்தபோது நனைந்த தகரத்தில் என் கால் வழுக்கியது. தகரம் தடதடவென்று சத்தம் போட, நான் ஓரம் வரை சறுக்கிப் போய், ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கீழே மாமா ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார். அது என் பெயரல்ல. அவருடைய மகளின் பெயர்.

துவைக்கிற கல்லைக் காலால் தேடிப் பிடித்து நானே இறங்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மாமா நாற்காலியைவிட்டு எழுந்து, மாவுக்கட்டுக் காலைத் தரையில் ஊன்றிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. காலை ஊன்றிய வலி என்று நினைத்தேன். அம்மா ஓடி வந்து எனக்கு ஓர் அடியும் அவருக்கு நிறைய வசவும் கொடுத்தாள். அதன் பிறகு மாலை வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. கவனக்குறைவாக இருந்ததற்குக் கோபம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அதைவிட, என் பெயரைக்கூட மறந்துவிட்டாரே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு அப்பா அவரை சைக்கிளில் ஏற்றினார். நானும் பின்னால் ஓடினேன். என் வாக்கியங்கள் கடலூர் வரை போவதைக் கேட்காமல் இருக்க முடியாது. வழியில், மறந்துவிடவில்லையே என்று சோதித்தேன். வால், தலை, முதுகு என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. வெளியே நின்ற எங்களுக்கு அவர் பேசியது நன்றாகவே கேட்டது. எடுத்தவுடனே மகள்தான் பேசினாள் போலிருக்கிறது.

"பாப்பா, அப்பா பேசறேன். கயித்த எடுத்து வெச்சிருக்கியா?"

நான் வாலுக்காகக் காத்திருந்தேன். மாமா கதவின் ஓரத்தை இறுகப் பிடித்தார். மறுமுனையில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றின் இரைச்சலும் கேட்டதாக எனக்கு நினைவு. அது வெறும் போன் இரைச்சலாகவும் இருக்கலாம்.

"கேளு. நீ மேல ஏறாத," என்றார். "இல்ல, ஏறாத. சொல்லித் தர்றதுக்கு ஒண்ணும் இல்ல. கயித்த அங்கியே போட்டுட்டு அம்மாவ கூட்டிக்கினு இப்பவே பள்ளிக்கொடத்துக்குப் போயிடு. வூடு போனா போவுது, பாப்பா. நாம கட்டுனதுதான?"

பிறகு அத்தையிடம் கொடுக்கச் சொன்னார். அவளிடம், பிள்ளையை ஏற்றாதே என்று மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னார். அத்தை மறுத்துப் பேசியிருக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தவரைப் பார்த்து அப்பா வழக்கமான கேலி எதையும் செய்யவில்லை. சைக்கிளை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

நான்தான் கேட்டேன். "வாலை மேல கொண்டு போகணும்னு நீங்க சொல்லவேயில்லையே, மாமா?"

"மறந்துட்டேன், பாப்பா," என்றார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் இரவு புயல் கரையைக் கடந்தது. அத்தையும் மகளும் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தார்கள். கூரை போய்விட்டது. அது போனதும் மழையில் மண்சுவர்களும் கரைந்துவிட்டன. முகட்டில் கயிறு கட்டியிருந்த வீடுகளில் பலவும் நின்றன. எதிர்வீடு ஒரு கீற்றுக்கூட நகராமல் அப்படியே நின்றதை, பிரசவம் முடிந்து, மகளோடும் பச்சைக் குழந்தையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அத்தை அம்மாவிடம் விவரித்தாள். அந்தப் பேச்சை அவள் அத்தோடு விடவில்லை. பிற்பாடு எங்கள் தெருவிலேயே வாடகைக்குக் குடிபோன பிறகும், அரிசி களையும்போதும் குழந்தைக்குத் தலைவாரும்போதும் சொல்லுவாள்: "ஒரு கயிறு. ஒரே ஒரு கயித்த கட்ட வுட்டிருந்தா இன்னிக்கு சொந்த வூட்ல இருந்திருப்போம்." மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு முழுக்க முழுக்க அத்தையின் கட்சிதான். கட்டும் வழி அவர் நாக்கின் நுனியில் இருந்ததே. அதற்கு நான் சாட்சி.

அவர்கள் வந்த வாரத்தில், என் வேலையை மாமாவின் மகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். குளியலறைக் கூரையில் முடிச்சு அப்படியே இருந்தது. அம்மா தன் கயிறு வேண்டுமென்று கேட்க, அப்பா அவிழ்க்க முயன்று, மழையில் இறுகிப்போன அதை விரலாலும் பல்லாலும் அசைக்க முடியாமல் கைவிட்டிருந்தார். மிஞ்சிய கயிற்றை அறுத்துக்கொண்ட பிறகும் முடிச்சு மட்டும் மூங்கிலில் ஒரு முஷ்டியைப் போல் உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவுதானா, இதை நான் கட்டியிருப்பேனே என்றாள். பக்கத்தில் வந்து பார் என்று நான் துவைக்கிற கல்லில் ஏறினேன். அவளும் ஏறினாள்.

"எறங்குங்க ரெண்டு பேரும்."

மாமா வாசற்படியில் நின்றிருந்தார். கட்டுப் பிரித்த கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. அவர் அந்தக் குரலில் பேசி நாங்கள் கேட்டதில்லை, உடனே இறங்கினோம். முடிச்சை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நன்றாக இருக்கிறதென்று இப்போதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தன் மகளின் தலையில் ஒரு கையையும் என் தலையில் மறு கையையும் வைத்து, எங்கள் உயரத்தை அளப்பவர் போலச் சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்று அன்று நான் தீர்மானித்தேன். அவர் சொல்ல விரும்பாத ஏதோ ஒரு பிழை என் முடிச்சில் இருக்கிறது. அது எந்தச் சுற்றில், எந்த வாக்கியத்தில் என்று நெடுநாள் தேடிக்கொண்டிருந்தேன்.