நாடி வைத்தியரின் வலது கை

அந்த விளையாட்டு மைதானத்தின் புல்வெட்டும் வண்டிகளைக் கவனித்துக்கொண்ட மெக்கானிக்குக்கு 'நாடி வைத்தியர்' என்று பேர். அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் குழாயில் கசிவு எங்கே என்று மற்றவர்கள் ஓர் அட்டையை அருகே பிடித்து, அதில் எண்ணெய் தெறிக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆள்காட்டி விரலால் குழாயைத் தடவிக்கொண்டே போவார். "இதோ, இங்க மூச்சு விடுது பாரு" என்பார். ஷெட்டில் கொடுத்த அட்டை பத்தொன்பது வருஷமாக ஆணியில் சும்மா தொங்கியது.

அன்று பெரிய வண்டி. தரையில் பொத்தான் அளவு எண்ணெய். விரலை ஓட்டினார். நுனியில் சுருக்கென்றது. பார்த்தால் ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. துடைத்துவிட்டுக் குழாயை மாற்றினார்.

வீட்டில் விரல் கனக்கிறது என்றபோது மனைவி சிரித்தாள். "எறும்பு கடிச்சதுக்கு லீவு கேளுங்க. மாலை போட்டு அனுப்பி வைப்பாங்க."

விடிந்தபோது கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

"எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிருக்கு. நேத்தே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மிச்சமிருந்த இரண்டுக்கும் கட்டைவிரலுக்கும் பிடி தளர்ந்துபோனது. அதன்பின் மனைவி கேலியே பேசவில்லை. தினமும் காலையில் தலைநிமிராமல் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். "பெரிய வண்டிய சர்வீஸ் பண்ணி நாளைக்கு ஓட்டிக் காட்டுங்க. புல்லுல கோடு நேரா விழுந்தா ஷெட்டு உங்களுது. இல்லன்னா கேட்ல வாட்ச்மேன் நாற்காலி காலியா இருக்கு."

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு லீவர்கள்தான், இடது கைக்கு இடது சக்கரம், வலது கைக்கு வலது சக்கரம். இரண்டையும் ஒரே அளவு தள்ளினால் நேராகப் போகும். அவருடைய வலது கையோ பாதிக்கு மேல் தள்ளாது. சாயங்காலம் ஷெட்டில் தனியாக இருந்தபோது, வலது லீவரின் இணைப்புக் கம்பியில் நட்டைத் தளர்த்தி, பாதி தள்ளினாலே முழு வேகம் வரும்படி திருகி வைத்தார்.

மறுநாள் கோடு நூல் பிடித்தாற்போல் விழுந்தது. சூப்பர்வைசர் தோளில் தட்டினார். "பரவால்லையே! ஷெட்டு உங்களுதுதான்."

அடுத்து, தினமும் அதை ஓட்டும் டிரைவர் ஏறினான். இரண்டும் நல்ல கை. வண்டி கிளம்பியதும் இடதுபக்கம் வெட்டித் திரும்பியது. டிரைவர் ஒரு கணம் திரும்பி நாடி வைத்தியரைப் பார்த்தான். வலது கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான். வண்டி நேரானது. ஒன்றும் நடக்காததுபோல, வாய்க்கால் ஓரத்துச் சரிவை நோக்கி ஓட்டிப் போனான். அந்தச் சரிவில் வாய்க்கால் இடதுபக்கம். கை சற்று மறந்தால் வண்டி தண்ணீரில் கிடக்கும், அடியில் அவன்.

"நிறுத்துடா!" கத்திக்கொண்டே ஓடினார்.

வண்டி சரிவின் விளிம்பில் நின்றது. சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார். "என்ன ஆச்சு?"

"ரெண்டு லீவரும் சமமில்ல சார். நான்தான் என் கைக்குத் தகுந்த மாதிரி மாத்தி வச்சேன்."

சூப்பர்வைசர் ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். நாடி வைத்தியர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு குனிந்தார். நட்டு இரண்டு முறை வழுக்கியது. டிரைவர் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினான்.

"ஏன்யா சொன்ன? நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"நீ சமாளிப்ப. சரிவு சமாளிக்காது."

பகல் முழுக்க ஆனது, பழைய இடத்துக்குக் கம்பியைக் கொண்டுவர. பிறகு டிரைவர் சரிவில் ஓட்டினான். நேராகப் போனது.

ஷெட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆணியில் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து அதன் கீழே வைத்து, உட்கார்ந்து பார்த்தார். இன்னும் ஆடியது.