சிரித்தால்தான் அரிசி

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வந்த இடத்தில், வோபர்னில் ஒரு தமிழ்க் கடை. இடியப்பம் வாங்க வரிசையில் நிற்கிறேன். கடைக்கார அக்கா தன் போனை எல்லோருக்கும் காட்டுகிறார். போர்க்காலத்தில் எங்கள் ஊரை ஆமி பிடித்த பிறகு எடுத்த படம் அது. சிப்பாய் அரிசிப் பொதி நீட்டுகிறான், பெண்கள் சிரித்தபடி வாங்குகிறார்கள். 'படையினரை மகிழ்ச்சியோடு வரவேற்கும் மக்கள்' என்று எழுதி, யாரோ இப்போது மறுபடியும் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள்.

"உதில நடுவில நிக்கிறது நான். சிரிச்சாத்தான் அரிசி எண்டு சொன்னவங்கள். அண்ணையை அவங்கள் பிடிச்சு வைச்சிருந்த நேரம். அப்பவும் சிரிச்சனான்."

கடை முழுக்கக் கேட்கிற குரல். வாசலில் யார் வருகிறார்கள் என்று அக்கா பார்ப்பதேயில்லை.

அந்த வரிசையில் நானும் நின்றவள்; படத்தின் ஓரத்தில் தெரிவது என் தோள். ஊரிலேயே தங்கிவிட்ட நான், இதை என் பிள்ளைகளுக்குக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். இங்கே சொந்தக்காரரின் வீட்டையும் காரையும் கண்டு வராத பொறாமை, இந்தக் குரலைக் கேட்டு வருகிறது.

"நானும் அங்க நிண்டனான், அக்கா" என்கிறேன், என்னையறியாமல்.

"அப்ப சொல்லுங்கோ! இவையும் கேக்கட்டும்."

பக்கத்தில் நிற்கும் பெண் வீடியோ எடுக்கப் போனைத் தூக்குகிறாள்.

"வேண்டாம், பிள்ளை. வாற கிழமை நான் ஊருக்குத் திரும்பிப் போகவேணும்."

போன் இறங்குகிறது. அக்கா இடியப்பப் பொதியை என் கையில் வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஊர்க் கதை கேட்கிறார்.